வானத்தில் 4 மணி நேரம், வீட்டு வாசலுக்கு?

"தமிழ்நாட்டுக்கு எவ்வளவு நேரம்?" என்று பூச்சோங்கில் யாரைக் கேட்டாலும், "நாலு மணி நேரம்தானே!" என்ற பதில்தான் வரும். அது விமானத்தின் கணக்கு. பயணியின் கணக்கு வேறு.

தாத்தா பாட்டி காலத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறியவர்கள் ஊர் போய்ச் சேர ஏறத்தாழ ஒரு வாரம் ஆனது. ஊரில் ஒரு சாவு என்றால் இங்கிருந்து அழத்தான் முடியும். முகம் பார்க்க முடியாது. இன்று முடியும். ஆனால், கணக்குத் தவறினால் இன்றும் முடியாமல் போகும்.

ஓர் உதாரணம். விடியற்காலை 5 மணிக்குத் தொலைபேசி அடிக்கிறது. தஞ்சாவூரில் தாய்மாமன் காலமாகிவிட்டார். "பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவோம். எத்தனை மணிக்கு வருவீங்க?" என்று கேட்கிறார்கள். பகல் 12 மணி விமானத்தில் இடம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விசா ஏற்கெனவே கையில் இருக்க வேண்டும். இல்லாதவருக்கு இந்தக் கணக்கே தொடங்காது.

பூச்சோங்கிலிருந்து கே.எல்.ஐ.ஏ. சுமார் 40 கிலோமீட்டர். காலை 8 மணிக்கே புறப்பட வேண்டும். விமானம் தரையிறங்கும்போது கைக்கடிகாரம் மாலை 4 என்று காட்டும். இந்திய நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் இருப்பதால் அங்கே பிற்பகல் 1.30. குடிநுழைவுச் சோதனை, பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வர 2.30 ஆகும்.

இறங்கியது சென்னை என்றால் தஞ்சாவூருக்கு இன்னும் சுமார் 340 கிலோமீட்டர் சாலைப் பயணம். வீட்டை அடையும்போது இரவு 9 மணி, எல்லாம் முடிந்திருக்கும். இறங்கியது திருச்சி என்றால் 60 கிலோமீட்டருக்கும் குறைவு. மாலை 4 மணிக்கு வாசலில் நிற்கலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வான்வழியில் சென்னையைவிடத் திருச்சிதான் சற்றுத் தூரம். சென்னை சுமார் 2,630 கிலோமீட்டர், திருச்சி சுமார் 2,690. வானத்தில் 60 கிலோமீட்டர் கூடுதலாகப் பறப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். தரையில் மிச்சமாவதோ ஐந்து மணி நேரம்.

திருச்சி வழியே போனாலும் வீட்டுக்கு வீடு மொத்தம் பத்தரை மணி நேரம் ஆகிறது. அதில் வானத்தில் கழிவது நான்கு மணி நேரம்தான்.

ஆகவே, அவசரப் பயணத்துக்கு டிக்கெட் எடுக்கும் முன் விமான நிலையத்தின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். போய்ச் சேர வேண்டிய தெருவைப் பாருங்கள். சென்னையில்தான் இடம் கிடைத்தது என்றால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். "நாலு மணி நேரத்தில் வந்துவிடுவோம்" என்ற சொல்லை நம்பி, அங்கே ஒரு குடும்பம் உடலை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி காத்திருக்கும். ஊர் நேரத்தில், வீட்டு வாசலுக்கு வரும் நேரத்தைச் சொல்லுங்கள். காத்திருப்பதா, வேண்டாமா என்பதை அவர்கள் முடிவு செய்துகொள்வார்கள்.