புதுப்பித்த எஞ்சினின் தடுமாற்றம்



பழுது பார்க்கப் போன மோட்டார் சைக்கிள், பழுது தீர்ந்து திரும்பியபின் முன்னைவிட மோசமாக ஓடுகிறது என்னும் முறையீடு நம் காதில் அடிக்கடி விழுகிறது. சிலிண்டரை ரீபோர் செய்தாயிற்று. பிஸ்டன், ரிங், வால்வு யாவும் புதியன. பணமும் கரைந்தது. ஆயினும் வண்டி இருமுகிறது, ஏற்றத்தில் விக்குகிறது, சைலன்சர் வழியே வெடிக்கிறது. உடனே உரிமையாளர் எஞ்சினை மறுபடியும் பிரித்துவிடத் துணிகிறார். அப்படிப் பிரிக்குமுன் வெளியிலிருந்தே பார்த்து அறியத் தக்கவை பல உண்டு. அவற்றைக் குறித்தே இன்று பேச விழைகிறோம்.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவருக்கு இது வெறும் பட்டறை விஷயமன்று. தந்தையார் ஓட்டிய பழைய புல்லட் ஊர் வீட்டுத் திண்ணையோரம் போர்வைக்குள் நிற்கிறது. பத்து நாள் விடுமுறையில் வந்து, அதைப் புதுப்பிக்கக் கொடுத்து, ஓட்டிப் பார்த்து மனம் நொந்து, ‘இனி இது தேறாது’ என்று காயலான் கடைக்கு எடைபோட்டுக் கொடுத்துவிட்டு ரயிலேறுவோர் உண்டு. 1955ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்தபின், திருவொற்றியூர் ஆலையிலிருந்து பல்லாண்டுக் காலம் வெளிவந்த வார்ப்பிரும்பு எஞ்சின் வண்டியையே இங்குக் கருதுகிறோம். 70 மி.மீ. துளையும் 90 மி.மீ. அடியும் கொண்ட ஒற்றைச் சிலிண்டர். கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். ஒளிக்கத் தெரியாத எஞ்சின் அது. தன் நோயைத் தானே சொல்லிவிடும். கேட்பவருக்குப் பொறுமை வேண்டும், அவ்வளவே.

அதன் பேச்சைக் கேட்பதற்கு அகளியைப் போன்ற ஊர் வேறில்லை எனலாம். கோயம்புத்தூரிலிருந்து தடாகம் வழியே ஏறி ஆனைக்கட்டியைத் தாண்டினால் கேரளத்தின் அட்டப்பாடி. தமிழும் மலையாளமும் இருளர் மொழியும் ஒரே தேநீர்க் கடையில் புழங்கும் நாடு அது. கிழக்கே மழை மறைவான வறண்ட பூமி. மேற்கே முக்காலியை நெருங்க நெருங்க ஈரக் காடு. அப்பால் கொண்டை ஊசி வளைவுகளோடு சாலை மண்ணார்க்காட்டுக்கு இறங்குகிறது. சமதரையில் மறைந்து கிடக்கும் குறை இந்த ஏற்ற இறக்கத்தில் வெளிப்பட்டே தீரும். இரவில் நோயாளியைக் கோட்டத்தறை மருத்துவமனைக்குப் பின்னிருக்கையில் அமர்த்திச் செல்லும்போது அது வெளிப்படுமானால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டுவதில்லை.

சொல்லொன்றைப் பற்றி இங்கே சிறிது. ஆங்கிலக் கலைச்சொற்களுக்குத் தமிழ் தேடுவதே நம் அன்றாடப் பணி. இந்தக் கோளாற்றுக்கு ‘எரிபற்றுப் பிழை’ என்று நாம் எழுதிப் பார்த்ததுண்டு. ஆனால் பட்டறைக்காரர் ‘மிஸ்ஸிங்’ என்கிறார். அதிலும் ‘சூடான மிஸ்ஸிங்’, ‘இழுவை மிஸ்ஸிங்’, ‘ஐடில் மிஸ்ஸிங்’ என்று பிரித்துப் பேசுகிறார். நம் அகராதி ஒரு பெயரை வைத்தது. அவர் மூன்று நோய்களைக் கண்டுவிட்டார். எப்போது தடுமாறுகிறது என்னும் கேள்வியில்தான் பாதி விடை இருக்கிறது.

முதற்கண், எஞ்சினின் உள்ளுறுப்புகள் நலமா என்பதைப் பிரிக்காமலே அறியலாம். கிக்கரின் மீது ஏறி நின்றால் அது ஆளின் எடையைச் சற்று நேரம் தாங்கி, பிறகு மெல்ல இறங்க வேண்டும். தாங்கிற்றாயின் பிஸ்டனும் ரிங்கும் வால்வும் பெரும்பாலும் குற்றமற்றவை. தாங்காவிடினும் உடனே சிலிண்டரைக் குறை கூறலாகாது. டேப்பெட் இறுக்கமாக இருந்து வால்வு முழுதும் மூடாமல் நிற்கலாம். எஞ்சின் குளிர்ந்திருக்கையில், பிஸ்டன் அழுத்த அடியின் உச்சியில் நிற்கும்போது, தள்ளுதண்டுகளை விரலால் உருட்டினால் தடையின்றி உருள வேண்டும். மேலும் கீழும் ஆடலாகாது. இதற்கு இரண்டு ஸ்பேனரும் கால் மணி நேரமும் போதும்.

அடுத்தது தீப்பொறி. இங்கேதான் நாம் நெடுநேரம் நிற்க வேண்டும். புதுப்பித்த எஞ்சினின் தடுமாற்றத்துக்குப் பெரும்பாலோர் கார்புரேட்டரையே குற்றவாளியாக்குவர். திருகாணி கைக்கெட்டும் இடத்தில் இருப்பதே அதன் பாவம். நம் கருத்தில் அதைக் கடைசியில்தான் தொட வேண்டும். எஞ்சினைப் பிரித்துப் பூட்டியபோது டைமிங் கலைந்து போயிருக்கும். பிளாட்டினம் பாயிண்ட் எனப்படும் முனைகள் நன்றாகத் திறந்த நிலையில் 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இடைவெளி இருத்தல் வேண்டும். முதலில் இதைச் சரிசெய்துவிட்டே டைமிங்கைப் பார்க்க வேண்டும். ஏனெனில் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். எஞ்சின் நிற்கும் நிலையில், பிஸ்டன் உச்சியை அடைய ஏறத்தாழ 0.8 மி.மீ. எஞ்சியிருக்கும்போது முனைகள் பிரியத் தொடங்க வேண்டும்.

பிரியும் கணத்தை எப்படிக் காண்பது? அதற்குரிய கருவி வண்டியின் தலைவிளக்கின் மேலேயே இருக்கிறது. பிளக்கைக் கழற்றிவிட்டு, விளக்குகளை அணைத்து, சாவியைத் திருப்பி, கிக்கரைக் கையால் மெல்ல அமுக்கினால் அம்பியர் மீட்டரின் முள் கழித்தல் பக்கம் சாயும். முனைகள் மூடியிருக்கின்றன என்பது பொருள். முள் நடுவுக்குத் துள்ளும் கணமே முனைகள் பிரியும் கணம். பலர் அந்த முள்ளை அலங்காரம் என்று எண்ணியிருக்கின்றனர்.

டைமிங் பிந்தியிருந்தால் வண்டி ஏற்றத்தில் சோர்ந்து போகும். எஞ்சின் மிதமிஞ்சிச் சூடேறும். சைலன்சர் குழாயின் கழுத்து நீலம் பாரிக்கும். முந்தியிருந்தால் கிக்கர் காலை உதைக்கும். இழுவையில் ‘டக டக’ என்று உலோகம் தட்டும் ஓசை எழும். இந்த ஓசையைப் பொருட்படுத்தாமல் மலையேறினால் புதுப் பிஸ்டன் பழுதாகும். டைமிங் சரியாக இருந்தும், நன்கு சூடேறிய பிறகே தடுமாறுமானால் கன்டென்சரைச் சந்தேகிக்கலாம். இருட்டில் முனைகளைப் பார்த்தால் அவற்றினிடையே பெருந்தீப்பொறி பளிச்சிடும். சிறு விலைப் பொருள். மாற்றிப் பார்ப்பதே சோதனை.

இனி, காற்றும் பெட்ரோலும். கார்புரேட்டருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையிலுள்ள கேஸ்கட் சரியாக அமராவிடில் திருட்டுக் காற்று புகும். அப்போது எஞ்சின் ஐடிலில் நிலைகொள்ளாது ஏறி இறங்கும். ஆக்ஸிலேட்டரை மூடினால் வெடிக்கும். ஓடும்போதே அந்த இணைப்பைச் சுற்றிச் சில துளி எண்ணெய் விட்டால், ஓட்டம் சட்டென மாறுவது கசிவைக் காட்டிக் கொடுக்கும். பெட்ரோலும் பழைய பெட்ரோலன்று. 2025இல் நாட்டில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. அது கலவையைச் சற்று மெலியச் செய்யும். பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் கெடுக்கவும் கூடும். நெடுநாள் நின்ற வண்டிக்கு அவற்றை மாற்றிவிடுதல் நன்று.

அகளியில் நாம் கண்ட ஒரு வண்டி நினைவுக்கு வருகிறது. கோவையில் புதுப்பித்து வந்தது. ஐடில் பழுதில்லை, டைமிங் பழுதில்லை. ஆனால் பதினைந்து நிமிடம் ஓடியதும் விக்கி நின்றுவிடும். சற்றுப் பொறுத்தால் மறுபடி ஓடும். எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று ஒரு பட்டறையில் சொல்லி, பெருந்தொகையும் கேட்டிருந்தனர். சாலையோரக் கொட்டகையில் இருந்த முதிய மெக்கானிக் எஞ்சினைத் தொடவே இல்லை. “நின்னதும் டேங்க் மூடியைத் தொறங்க, தம்பி” என்றார். அடுத்த முறை நின்றதும் அந்த இளைஞர் மூடியைத் திறந்தார். ‘உஸ்’ என்று காற்று உள்ளே புகுந்தது. ஒரே உதையில் வண்டி கிளம்பியது. டேங்குக்குப் புதிதாய் வண்ணம் பூசியவர்கள் மூடியின் காற்றுத் துளையையும் சேர்த்துப் பூசியிருந்தனர். பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, கார்புரேட்டருக்கு இறங்கும் வழி அடைபட்டது. ஒரு குண்டூசியால் வேலை முடிந்தது. கன்டென்சர் கோளாறும் இதைப் போலவே தோன்றும் என்பதால் மூடியைத் திறந்து பார்ப்பது நல்லதொரு பிரிப்புச் சோதனை. திறந்ததும் ஓடினால் காற்றுத் துளை. ஆறிய பிறகே ஓடினால் மின்பகுதி.

எதைச் சோதித்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்ற வேண்டும். மூன்றைச் சேர்த்து மாற்றிவிட்டால், வண்டி தேறினாலும் எதனால் தேறியது என்று தெரியாது; மறுபடி கெட்டால் முதலிலிருந்து தொடங்க நேரும்.

தடுமாற்றம் நீங்கியபின் முதல் 500 கிலோமீட்டர் வரை வேகம் 50ஐத் தாண்டாமல், ஏற்றத்தில் உயர் கியரில் முக்க விடாமல், தாழ்ந்த கியரில் ஓட்டி வருக. பிறகு எண்ணெயை மாற்றி, எஞ்சின் முற்றும் ஆறியபின் சிலிண்டர் ஹெட்டின் நட்டுகளை உரிய அளவுக்கு இறுக்குக. அவற்றை இறுக்கினால் டேப்பெட்டின் அளவு மாறிவிடும். ஆகவே தள்ளுதண்டுகளை இன்னொரு முறை உருட்டிப் பார்த்துவிட்டே மூடியைப் பூட்டுக.