உருக்கின் உள் உராய்வு

லிந்துலைக் கடைத்தெருவிலே ஒருவர் எவர்சில்வர்க் குவளையொன்றை விலை பேசுகிறார் என்று கொள்க. நல்ல எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது என்று கேள்வியுற்றிருந்த அவர், குவளையின் அடியில் காந்தத்தை வைக்கிறார், ஒட்டவில்லை. விளிம்பருகே வைக்கிறார்; இலேசாக இழுக்கிறது. "முதலாளி, இது போலிச் சரக்கு" என்கிறார். கடைக்காரரோ, "இல்லை அண்ணே, ஒரே தகட்டில் அடித்த குவளைதான்" என்கிறார். யார் சொல்வது சரி?

கடைக்காரர் சொல்வது முற்றிலும் உண்மையாயிருக்கலாம். இரும்புடன் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் சேர்ந்த உருக்கு, ஆஸ்டெனைட் எனும் படிக அமைப்பை உடையது. ராபர்ட்ஸ் ஆஸ்டென் என்ற ஆங்கில அறிஞரின் பெயரால் வழங்கும் இவ்வமைப்பைக் காந்தம் இழுப்பதில்லை. ஆனால் தகட்டைச் சூடேற்றாமல் அழுத்திக் குவளையாக்கும்போது, மிகுதியாக நீண்ட இடங்களில் படிகங்கள் சில மார்ட்டென்சைட் எனும் வேறு அமைப்பாக மாறுகின்றன. அதனைக் காந்தம் இழுக்கும். அடிப்பாகம் அதிகம் நீளவில்லை. ஆதலால் அங்கே மாற்றமும் இல்லை.

இத்துடன் இன்னொன்றும் நிகழ்கிறது. படிகங்களுள் அணுவரிசை ஒழுங்கு குலைந்த நுண்கோடுகள் பல்கிப் பெருகுகின்றன. இவை கண்ணுக்குப் புலப்படா, காந்தத்துக்கும் அகப்படா. உருக்கை வெட்டாமலே இவற்றை அறியும் வழிகளுள் ஒன்று, அதனை அசைத்துப் பார்ப்பதாகும்.

உருக்குக் கம்பியொன்றின் நுனியில் பாரங் கட்டித் தொங்கவிட்டு, சற்றே முறுக்கி விடுக. அது இருபுறமும் மாறிமாறித் திரும்பி, மெல்ல மெல்ல அடங்கும். காற்றை நீக்கிய குழாயினுள் வைத்தாலும் அடங்கவே செய்யும். அதன் ஆற்றல் கம்பியினுள்ளேயே வெப்பமாகி விடுகிறது. இதுவே உள் உராய்வு. சீன அறிஞர் கே டிங்சுய் 1947ஆம் ஆண்டில் சிகாகோவிலிருந்தபோது, இத்தகைய முறுக்கு ஊசலைக் கொண்டே அலுமினியத்தின் படிக எல்லைகளில் நிகழும் உராய்வை அளந்து காட்டினார்.

இழுத்துப் பிடித்த உலோகத்தில் அணுக்கள் சில மெல்ல இடம்மாறி இறுக்கத்தைக் குறைத்துக்கொள்கின்றன. இதனைத் தளர்வு என்பர். ஊசல் மிக விரைந்து ஆடினால் அணு நகர நேரமில்லை. மிக மெல்ல ஆடினால் அணு உடனுக்குடன் இணங்கிவிடும். இரண்டின் காலமும் பொருந்தும்போதே உராய்வு உச்சமடைகிறது. எந்தச் சூட்டில் அந்த உச்சம் தோன்றுகிறதெனப் பார்த்து, உள்ளே நகர்வது எது, எத்துணை எளிதில் நகர்கிறது என்று கணிக்கலாம்.

இந்த அறிவு குவளையோடு நின்றுவிடுவதன்று. தமிழ்நாட்டுக் கல்பாக்கத்தில் அமைந்த 500 மெகாவாட் அதிவேக ஈனுலையின் எரிபொருட் குழாய்களுக்கு ஆஸ்டெனைட் உருக்கையே தெரிந்தெடுத்து, வேண்டுமென்றே 20 சதவீதம் குளிர்நிலையில் உருமாற்றினர். நியூத்திரன்கள் தாக்கும்போது குழாய் வீங்குவதை அந்நுண்கோடுகள் தாமதப்படுத்துகின்றன. ஆனால் அவ்வுலையில் சோடியத் திரவம் சுமார் 547 பாகை செல்சியசில் வெளியேறுமாறு அமைத்துள்ளனர். அத்தகைய சூட்டில் கோடுகள் நகர்ந்து மறைந்தால், அவை தரும் காப்பும் குறையும். ஆகவே அவற்றின் ஆயுளை அறிவது உலையின் பாதுகாப்பையே அறிவதாகும்.

லிந்துலைக் குவளைக்கு வருவோம். மாங்கனீசு மிகுந்த மலிவான எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டாதிருக்கலாம். நல்ல எவர்சில்வரின் விளிம்பிலும் ஒட்டலாம். எனவே காந்தத்தை மட்டும் சாட்சியாக வைத்துக் கடைக்காரரைக் குற்றவாளியாக்குதல் நீதியாகாது. உருக்கு தான் பட்ட அடியை மறப்பதில்லை. அதனைக் கேட்கும் முறையறிந்து கேட்டால், உள்ளதை உள்ளபடி சொல்லும்.