மவுஸ் பிள்ளை கையில் இருக்கட்டும்

பிள்ளைகளைக் கட்டணம் கட்டிக் கோடிங் வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள். முதலில் வீட்டிலேயே தொடங்குங்கள். எம்.ஐ.டி. 2007-இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் இலவசம். எட்டு வயதிலிருந்து ஏற்றது. ஐந்து முதல் ஏழு வயதுக்கு ஸ்கிராட்ச் ஜூனியர் இருக்கிறது.

ஸ்கிராட்ச் பூனையைச் சதுரமாக நடக்க வைக்கச் சொல்லுங்கள். ‘100 அடி நகர்’, ‘90 டிகிரி திரும்பு’ இரண்டையும் ‘4 முறை செய்’ கட்டைக்குள் பொருத்த வேண்டும். இயக்கினால் பூனை நகராதது போலவே தெரியும்! நான்கு பக்கமும் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். ‘1 விநாடி காத்திரு’ என்ற கட்டையும் உள்ளே வேண்டும்.

அதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். ‘பூனை என்ன செய்தது?’ என்று மட்டும் கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். காரணத்தைத் தானே தேடிப் பிடிப்பதுதான் பாடம். மவுஸைப் பிடுங்கினால் அது போய்விடும்.