அலுமாரியைத் திறவுங்கள்!

(கிளிநொச்சி மாவட்டக் கிராமமொன்றின் வாசிகசாலை மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



‘உணரி’ என்னும் சொல்லைப் பாடநூலிற் படிக்கும் முன்னரே அதன் பொருளை அறிந்துகொண்டவர்கள் வன்னி மக்கள். 2009ஆம் ஆண்டில் போர் ஓய்ந்தபின், சொந்தக் காணிக்குள் காலடி வைப்பதற்கு முன்னர், நிலத்தின்மேல் ஒரு கருவி அசைய, அது ஒலிக்கின்றதா எனச் செவிகொடுத்துக் காத்திருந்தோம். முகமாலையிலே நம் வீட்டுப் பெண்களே அக்கருவியை ஏந்தி அங்குலம் அங்குலமாக மண்ணை மீட்டார்கள். உலோகத்தை உணரும் கருவி அது. போர் நடந்த மண்ணில் உலோகத்துக்கா பஞ்சம்? சன்னத்துக்கும் அது கூவும். தகரத் துண்டுக்கும் கூவும்.

இந்த இடர்ப்பாட்டை நீக்க வழி தேடியவர்களும் இந்நாட்டில் இருந்தார்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் அந்நாளிற் பணியாற்றிய திரிஷாந்த நாணயக்கார அவர்களும் அவர்தம் குழுவினரும், 2008ஆம் ஆண்டளவில், வெடிமருந்தை மோப்பம் பிடிக்கப் பழக்கிய கீரி ஒன்றை ஒரு சிறு றோபோவுடன் பிணைத்து ஆராய்ந்தார்கள். கீரி எடை குறைந்த பிராணி. அதன் காலடிக்குக் கண்ணிவெடி வெடியாது. மனிதன் எட்ட நின்று றோபோவை வழிநடத்த, கீரி முகர்ந்து காட்டும். கீரியின் மூக்கும், இயந்திரத்தின் காலும், மனிதனின் மூளையும் ஒன்றுகூடிய விந்தை அது!

றோபோ என்றதும் திரைப்படத்து இரும்பு மனிதனை நினைத்துவிடாதீர்கள். உணர்தல், முடிவு செய்தல், இயங்குதல் என்னும் மூன்றும் அமைந்த எதுவும் றோபோதான். இரண்டு சில்லு, இரண்டு சிறு மோட்டார், ஒரு பற்றறி, உள்ளங்கையில் அடங்கும் ஒரு மின்சுற்றுப் பலகை, முன்னே ஓர் உணரி. இவ்வளவே. எதிரே சுவர் வந்தால் நில், இடப்பக்கம் திரும்பு என்று பலகைக்கு எழுதிக்கொடுக்கும் கட்டளைத் தொகுதியைத்தான் செய்நிரல் என்கிறோம்.

இது நேற்று முளைத்த எண்ணமன்று. 1967ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் சீமோர் பேப்பேட் என்னும் கணித அறிஞரும் அவர்தம் தோழர்களும் சிறுவர்க்கென ‘லோகோ’ என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். பின்னர் அம்மொழிக்குப் பணிந்து தரையில் ஊர்ந்து கோடு வரையும் ஆமை ஒன்றையும் செய்தார்கள். ஆமை பிழையான பக்கம் திரும்பினால் பிள்ளையை எவரும் அடிப்பதில்லை. பிள்ளையே தன் கட்டளையைத் திருத்திக்கொள்ளும். 2005இல் இத்தாலியிற் பிறந்த ‘ஆர்டுயினோ’ப் பலகையின் வரைபடமோ எவரும் எடுத்துச் செய்யத் திறந்து வைக்கப்பட்டது. 2016இல் பிரித்தானியாவில் பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேருக்குச் சிறு கணினிப் பலகை இலவசமாக வழங்கப்பட்டது.

இங்கே நிலை என்ன? பாடசாலை ஒன்றுக்குச் சென்றிருந்தேன், பெயர் வேண்டாம். நன்கொடையாளர் தந்த றோபோப் பெட்டி கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டப்பட்டிருந்தது. பரிசளிப்பு விழாவன்று வெளியே வருமாம். மேடையில் அரை நிமிடம் ஓடுமாம். படம் எடுத்தபின் மீண்டும் உள்ளே போய்விடுமாம்! ‘பிள்ளைகள் உடைத்துவிட்டால் யார் பொறுப்பு?’ என்று கேட்டார்கள். பூட்டிவைத்த பொருள் உடையாது, மெய்தான். விதைநெல்லைப் பூட்டிவைத்தாலும் சிந்தாது!

அந்தப் பெட்டியைத் திறந்தால் என்ன கிடைக்கும்? ஓர் எடுத்துக்காட்டை மட்டும் சற்று விரித்துரைக்கிறேன். றோபோவின் ‘கண்’ என்று நாம் காணும் இரு வட்டங்களும் உண்மையில் வாயும் செவியுமே. ஒன்று மனிதச் செவிக்கு எட்டாத ஒலியை எழுப்பும். மற்றொன்று எதிரொலியைக் கேட்கும். வௌவால் இருளிற் பறக்கும் முறையும் இதுவே. போய்வந்த நேரத்தைக் கொண்டு தூரம் கணிக்கப்படும். பாடநூலில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 343 மீற்றர் என்றிருக்கும். அது 20 பாகை வெப்பநிலைக்குரிய கணக்கு, ஐயா! நமது பங்குனி, சித்திரை நண்பகலில் 35 பாகை வெயிலில் ஒலி ஏறத்தாழ 352 மீற்றர் செல்லும். ஆகவே ஒரு மீற்றர் தொலைவிலுள்ள சுவரை அக்கருவி 97 சென்ரிமீற்றர் என்று காட்டும். ‘அடிமட்டம் நூறு காட்டுகின்றது, கருவி ஏன் மூன்றைக் குறைக்கின்றது?’ என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால், அன்றே அந்த வகுப்பில் பௌதிகவியல் பிறந்துவிட்டது. குளிர்நாட்டு எண்ணை அப்படியே நம்பாமல், தன் ஊர் வெயிலை அளந்து கணக்கைத் திருத்துகின்ற பிள்ளையை எவர் ஏமாற்ற முடியும்?

அதே கருவியைக் குப்புறப் பிடித்து வாய்க்கால் மேல் பொருத்துங்கள், நீர்மட்டம் கூறும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் மிதந்ததை மறந்தோமா? மாணவரின் கருவி நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு மாற்றாகாது என்பதை அறிவேன். ஆயினும் தன் ஊர் வாய்க்காலின் ஏற்றத்தை மணிக்கு மணி குறித்து வைத்திருக்கும் பாடசாலை, அதிகாரியிடம் கேள்வி கேட்கும்போது கையில் எண்ணோடு கேட்கும்.

‘உழைப்புக்கே வழியில்லாத வீட்டில் றோபோவுக்கு எங்கே போவது?’ என்று தாயொருவர் வினவலாம். நியாயமான வினா, 2022இன் நெருக்கடியில் மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றவர்கள் நாம். ஆனால், அம்மா, உங்கள் வீட்டு மூலையில் கண்ணாடி வெடித்துக் கிடக்கும் பழைய கைப்பேசியைப் பாருங்கள். சாய்வை உணரும் கருவி, ஒளியை உணரும் கருவி, கமரா, திசைகாட்டி ஆகியவற்றுட் பெரும்பாலானவை அதனுள்ளேயே அடங்கியிருக்கின்றன. கைப்பேசியைச் சாய்த்தால் வண்டி திரும்பும்படி, கட்டைகளை அடுக்குவது போலக் கட்டளைகளை அடுக்கிச் செயலி செய்யும் ‘அப் இன்வென்ரர்’ 2010இலிருந்து இலவசமாகக் கிடைக்கின்றது. 2020இல் இன்ரெல் நிறுவனத்து ஆய்வாளர் இருவர், கைப்பேசியையே மூளையாக வைத்து ஓடும் ‘ஓபன்பொட்’ என்னும் வண்டியின் வரைபடத்தை வெளியிட்டார்கள். கைப்பேசி நீங்கலாக அவர்கள் சொன்ன செலவு ஐம்பது டொலர். நமக்கு அதுவும் சிறு தொகையன்று. ஆனால் ஒரு வண்டியைச் சுற்றி ஒரு வகுப்பே அமரலாம்.

விலையுயர்ந்த மூடிய பெட்டிகளை வாங்கித் தருவோருக்கும் ஒரு சொல்: 1998இல் வந்த லேகோவின் ‘மைண்ட்ஸ்ரோம்ஸ்’ மிக நல்ல பொருள்தான், 2022 முடிவில் அந்நிறுவனமே அதை நிறுத்திவிட்டது. உதிரிப் பாகத்துக்கு அதன் உடைமையாளர் இனி எங்கே அலைவது? கடையில் தனித்தனியே வாங்கக்கூடிய, உடைந்தால் நாமே பற்றவைக்கக்கூடிய பொருளையே தாருங்கள்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 2014 முதல் இதே கிளிநொச்சியில், அறிவியல் நகரில் இயங்குகின்றது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கே பயிலும் மாணவர் இருவர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒரு கிராமப் பாடசாலைக்கு வந்தால் போதும். செய்நிரல் கட்டளைகள் ஆங்கிலமாயினும், விளக்கம் தமிழில் இருக்கவேண்டும். ஆசிரியருக்கு விடுமுறைக் காலப் பயிற்சி வேண்டும். உடைந்த பாகத்துக்கு அவர் தம் சம்பளத்தைக் கொடுக்காதபடி சிறு நிதியொன்றும் வேண்டும். பெண்பிள்ளைகளைப் பார்வையாளராக ஓரத்தில் நிறுத்தும் வழக்கமும் ஒழியவேண்டும். கண்ணிவெடிக் களத்தில் கருவி ஏந்தியவர்கள் யார் என்பதை இப்போதுதான் சொன்னேன்.

இச்சபை உடன்படுமாயின், இவற்றைத் தீர்மானமாக எழுதி, வருகை தந்தோர் கையொப்பத்துடன் வலயக் கல்விப் பணிப்பாளருக்கு அனுப்புவோம். பழைய கைப்பேசி வைத்திருப்போர் அதனைக் குப்பையில் எறியாது, உள்ளிருக்கும் சொந்தப் படங்களை அழித்துவிட்டு, மின்னூட்டியோடு இவ்வாசிகசாலையில் ஒப்படைக்குமாறு வேண்டுகிறேன்.