அம்மாவை நடக்க விடுங்கள்



இந்த மாத உரையில் நடையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "நடவுங்கோ, நடவுங்கோ எண்டு டொக்டர்மார் சொல்லாத நாளில்லை, இதில் புதிதாக என்ன இருக்கிறது?" என்று நீங்கள் நினைக்கக்கூடும். இன்று நான் வயதானவர்களுக்கு மட்டும் சொல்ல வரவில்லை. அவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கும் பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் சேர்த்தே சொல்ல வந்திருக்கிறேன். ஏனென்றால் இந்த விடயத்தில் தவறு விட்டவள் நான்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவை எங்களில் பலர் மறந்திருக்க மாட்டோம். வலிகாமத்தை விட்டு, மழைக்குள், நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு இலட்சக்கணக்கில் நடந்தோம். என் அம்மாவுக்கு அப்போதே ஐம்பது வயது கடந்துவிட்டது. ஒரு கையில் உடுப்பு அடைந்த உரப்பை, மற்றக் கையில் என் அப்பம்மாவின் கை. விடியும்வரை நடந்தார்.

அதே அம்மா, ஸ்காபரோவில் எங்கள் மாடிவீட்டில், சோபாவிலிருந்து எழும்புவதற்கு ஒருவர் கைகொடுக்க வேண்டிய நிலைக்கு வந்தார். அந்த நிலைக்கு அவரைக் கொண்டுவந்தது எங்கள் பாசம்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாசி மாதம், கட்டட வாசலில் உறைந்திருந்த பனியில் அம்மா சறுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, மணிக்கட்டு மட்டும் வீங்கியது. ஆனால் நாங்கள் பயந்துவிட்டோம். "இனி வெளியிலை போகாதேங்கோ அம்மா. என்ன வேணுமெண்டாலும் நாங்கள் வாங்கிக்கொண்டு வாறம்" என்றேன். தேத்தண்ணியும் சாப்பாடும் இருந்த இடத்துக்கே போனது. குசினிப் பக்கம் வந்தால், "நீங்கள் இருங்கோ, நான் பாக்கிறன்" என்று திருப்பி அனுப்பினேன். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனால் அவருக்குத் துணை தொலைக்காட்சிதான். பனி கரைந்த பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை.

அடுத்த வருடக் கோடையில் கோயில் தேருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வீதியைக் கடக்கும்போது பாதி வழியில் விளக்கு மாறிவிட்டது. நடுறோட்டில் நின்றுகொண்டு அம்மா சொன்னார்: "பிள்ளை, கால் என்ர சொல்லைக் கேக்குதில்லை."

குடும்ப வைத்தியர் எல்லாவற்றையும் சோதித்தார். இதயத்தில் கோளாறில்லை, மூட்டுகளிலும் பெரிய பழுதில்லை. "இருந்து இருந்தே கால் தசை மெலிந்துவிட்டது" என்றார். வயது ஏற ஏறத் தசை குறைவது இயற்கை. அசையாமல் இருந்தால் அது இன்னும் வேகமாகக் குறையும். தசை குறைந்தால் விழும் ஆபத்துக் கூடும். விழுந்தால் பயம் வரும். பயத்தால் இன்னும் இருப்போம். இந்த வட்டத்துக்குள்தான் எங்கள் பெற்றோர் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கனடாவில் 65 வயதைக் கடந்தவர்கள் காயப்பட்டு வைத்தியசாலையில் சேர்வதற்கு முதற்காரணம் விழுவதுதான். விழாமல் காப்பதற்காக அவர்களை இருத்தி வைக்கிறோம். அதுவே அவர்களை விழுத்துகிறது.

அசைவு உடலுக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பழைய ஆதாரம் ஒன்று உண்டு. லண்டனில் ஜெரி மொரிஸ் என்ற வைத்தியர் இரட்டைத்தட்டு பஸ் ஊழியர்களை ஆராய்ந்து 1953இல் முடிவை வெளியிட்டார். நாள் முழுதும் இருந்து ஓட்டும் சாரதிகளைவிட, படியில் ஏறி இறங்கி ரிக்கற் கொடுக்கும் நடத்துநர்களுக்கு மாரடைப்புக் குறைவு என்று கண்டார். அவரும் 99 வயதுவரை வாழ்ந்தார்.

அப்படியானால் எவ்வளவு நடக்க வேண்டும்? 10,000 அடி என்று எல்லோரும் சொல்கிறோம். அந்த எண் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவியது. அமெரிக்காவில் சராசரி 72 வதுடைய 16,000க்கும் மேற்பட்ட பெண்களை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட முடிவில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு வீதம் தெளிவாகக் குறைந்திருந்தது. ஏறக்குறைய 7,500 அடிக்குப் பிறகு மேலதிக நன்மை பெரிதாகத் தெரியவில்லை. ஆகவே பெரிய எண்ணைக் கேட்டு மனம் சோர வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம். அதோடு வாரத்தில் 2 நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும், வயதானவர்களுக்கு 3 நாள் சமநிலைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது. நடக்கும் வேகத்துக்கு ஓர் இலகுவான அளவு உண்டு: கதைக்க முடிய வேண்டும், பாட முடியாமல் இருக்க வேண்டும்.

நாங்கள் தொடங்கிய விதத்தைச் சொல்கிறேன். முதலில் சில்லில்லாத உறுதியான கதிரை ஒன்றைச் சுவரோடு வைத்தோம். அதிலிருந்து எழும்பி, மெதுவாகத் திரும்ப இருப்பது. முதல் நாள் அம்மாவால் மூன்று தடவைதான் முடிந்தது, அதுவும் கையை ஊன்றி. இரண்டு மாதத்தில் கை ஊன்றாமல் பத்துத் தடவை எழும்பினார். பிறகு குசினி மேசையைப் பிடித்துக்கொண்டு குதிக்காலை உயர்த்தி இறக்குவது, ஒற்றைக்காலில் சில விநாடி நிற்பது. சோறு வைத்தால் அது அவிவதற்குள் இரண்டும் முடிந்துவிடும்.

பனிக்காலத்தில் எங்கள் மாடியின் நடைபாதையில் முனைக்கு முனை நடந்தோம். சில பெரிய கடைத்தொகுதிகள், கடை திறக்கு முன்பே நடப்பவர்களுக்காகக் கதவைத் திறந்துவிடுகின்றன. அங்கே குளிருமில்லை, சறுக்கலுமில்லை. அம்மாவுக்கு அங்கே சேர்ந்து நடக்க இரண்டு சிநேகிதிகளும் கிடைத்தார்கள்.

எங்கள் சமூகத்தில் சலரோகம் அதிகம் என்பதால் இன்னொன்று. சாப்பிட்டவுடன் படுக்காமல், பத்துப் பதினைந்து நிமிடம் ஆறுதலாக நடவுங்கள். வேலை செய்யும் தசை இரத்தத்திலுள்ள சீனியை எடுத்துக்கொள்வதால், சாப்பாட்டுக்குப் பின் சீனி ஏறுவது குறையும். இன்சுலின் போடுபவர்கள் பையில் இனிப்பு ஏதாவது வைத்திருங்கள். வீட்டுக்கு வந்ததும் பாதத்தில் கொப்புளமோ காயமோ இருக்கிறதா என்று பாருங்கள். செருப்போடு நடக்க வேண்டாம், குதி மூடிய சப்பாத்துப் போடுங்கள். நெஞ்சு நொந்தால், தலை சுற்றினால், மூச்சு வாங்கினால் உடனே நிறுத்துங்கள். நெஞ்சுநோ தணியாவிட்டால் 911ஐ அழையுங்கள். இதய நோயுள்ளவர்களும், அண்மையில் விழுந்தவர்களும் வைத்தியரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

ஒன்ராறியோவில் முதியோருக்கு இலவச உடற்பயிற்சி வகுப்புகளும் விழாமல் தடுக்கும் வகுப்புகளும் உண்டு. 211 என்ற எண்ணை அழைத்து, தமிழில் கதைக்க வேண்டும் என்று கேட்டால் உரைபெயர்ப்பாளரோடு விபரம் சொல்வார்கள்.

நேயர்களே, அம்மா இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார். கடைக்குத் தானே போய்க் கீரை தெரிந்து வாங்குகிறார். நான் வாங்கும் கீரை அவருக்குப் பிடிப்பதேயில்லையாம். அதை இத்தனை காலமும் எனக்குச் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

இன்று வீட்டுக்குப் போனதும், "நீங்கள் இருங்கோ அம்மா" என்று சொல்ல வாய் வரும். அதை விழுங்கிவிட்டு, "வாங்கோ, ஒருக்கா நடந்துபோட்டு வருவம்" என்று கூப்பிடுங்கள். அவர் எழும்பும்வரை பொறுத்து நில்லுங்கள். கை கொடுக்க அவசரப்பட வேண்டாம்.