வண்ணத்தின்மேல் வார்னிஷ்: முதலில் கேட்க வேண்டிய கேள்வி

(கற்றல் துணைக்கருவிகள் தயாரிப்புப் பயிற்சியில் ஓவிய ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பயிற்சிகளில் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: “சார், எழுத்துப் பலகைக்கு வண்ணம் பூசிவிட்டோம். மேலே வார்னிஷ் அடிக்கலாமா?” அடிக்கலாம். பிள்ளைகளின் கை தினமும் படும் பொருளுக்கு அது நல்ல காப்பு. ஆனால் எந்த வண்ணத்தின்மேல் எந்த வார்னிஷ் என்று பார்த்து அடிக்க வேண்டும்.

வண்ணப்பூச்சில் மூன்று பொருள்கள் உண்டு: நிறமி, அதைப் பிடித்து வைக்கும் பிணைப்பான், இவற்றை இளக்கும் கரைப்பான். சாதாரண வார்னிஷில் நிறமி மட்டும் இல்லை. ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மேலே பூசுவதன் கரைப்பான், கீழே காய்ந்திருப்பதைக் கரைக்குமா?

போஸ்டர் கலர் காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் கரையும். அதன்மேல் நீர்வகை வார்னிஷைத் தூரிகையால் தேய்த்தால் சிவப்பும் மஞ்சளும் கலந்துவிடும். டர்பன்டைனில் இளக்கும் எண்ணெய் வார்னிஷ் அதைக் கலைக்காது. அக்ரிலிக் வண்ணம் காய்ந்தபின் தண்ணீரில் கரையாது. அதற்கு நீர்வகை வார்னிஷே போதும். எண்ணெய் வார்னிஷ் நாளடைவில் மஞ்சளிக்கும் என்பதால் வெள்ளைப் பரப்புக்கு நீர்வகையே நல்லது. எனாமல்மேல் என்.சி. லேக்கர் அடிக்காதீர்கள். அதன் தின்னர் கடுமையானது. எனாமலைச் சுருங்கி எழும்பச் செய்யும். எதுவானாலும் முதலில் ஒரு கழிவுப் பலகையில் பூசிப் பாருங்கள்.

எண்ணெய் வார்னிஷ் துடைத்த துணியைச் சுருட்டிப் போடக் கூடாது. அது காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகும்போது வெப்பம் உண்டாகிறது; துணிக்குவியல் தானாகவே தீப்பற்றலாம். விரித்து வெளியில் உலர்த்துங்கள். நீர் ஆவியாகி உலர்வதற்கும் எண்ணெய் ஆக்சிஜனேற்றத்தால் இறுகுவதற்கும் உள்ள வேறுபாட்டை அறிவியல் வகுப்பில் சொல்ல இது நல்ல எடுத்துக்காட்டு.

இனி முக்கியமான செய்தி. பளபளப்பான பழைய பெஞ்சில் புதுப் பூச்சு பிடிக்காது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாக வேண்டும். “வாங்கடா பிள்ளைகளா” என்று மாணவர்களை அந்த வேலைக்கு அழைக்காதீர்கள். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கலாம். நம் நாட்டில் வீட்டு உபயோக, அலங்கார வண்ணங்களில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறையில் உள்ளது. அதற்கு முன் பூசியதை உலர்வாகத் தேய்த்தால் தூசி பறக்கும், தரையில் படியும், பிள்ளைகளின் கை வழியே வாய்க்குப் போகும். வளரும் மூளையை ஈயம் பாதிக்கும். இதில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

ஆகவே விடுமுறை நாளில், பிள்ளைகள் இல்லாதபோது, பெரியவர்கள் முகக்கவசம் அணிந்து, வாட்டர் பேப்பரை நனைத்து ஈரமாகவே தேய்க்கட்டும். பிறகு பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்கட்டும். புது டப்பா வாங்கும்போது ஈயம் பற்றிய குறிப்பைப் படித்து வாங்குங்கள்.

பலகை பளபளப்பது இரண்டாவது. அதைத் தொடும் பிள்ளை நலமாயிருப்பதே முதலாவது.