வைரஸ் அடங்கினாலும் இதயத்தைக் கவனிக்க வேண்டும்

(உலக எய்ட்ஸ் தினத்தை ஒட்டி நம் சமுதாயக் கூடத்தில் நடந்த கூட்டத்தில் பேசியது)



நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, முப்பத்தாறு வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். கூட வேலை பார்த்த நண்பர் ஒருவருக்காகத்தான் இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தேன். அவர் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் பேசுகிறேன்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். 1986-ல், டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் கண்டறிந்தார்கள். அப்போது உயிர் பிழைப்பதே பெரிய கேள்வி. 2004-ல் அரசு இலவசமாக ஏ.ஆர்.டி. மாத்திரை தர ஆரம்பித்தது. என் நண்பரும் அதை ஒரு நாள் விடாமல் சாப்பிட்டார். பரிசோதனையில் வைரஸ் தென்படவே இல்லை. சிகரெட் கிடையாது, சர்க்கரை கிடையாது. ஆனாலும் 54 வயதில் மாரடைப்பு வந்தது. வாயு என்று நினைத்து, இஞ்சிச் சாறு குடித்துவிட்டுப் படுத்துவிட்டார்.

வைரஸ்தான் அடங்கிவிட்டதே, பிறகு ஏன்?

எச்.ஐ.வி. ஆரம்பத்திலேயே குடல் சுவரில் உள்ள சி.டி.4 அணுக்களைப் பெருமளவு அழிக்கிறது. சுவர் பலவீனமாகி, குடல் பாக்டீரியாவின் துணுக்குகள் ரத்தத்தில் கசிகின்றன. மாத்திரை வைரஸை அடக்கினாலும் இந்தக் கசிவு முழுவதும் நிற்பதில்லை. அதனால் மோனோசைட் என்ற வெள்ளணுக்கள் ஓயாமல் பரபரப்பிலேயே இருக்கின்றன. திருடன் பிடிபட்ட பிறகும் ராத்திரி முழுக்க விசில் ஊதி எல்லார் கதவையும் தட்டுகிற வாட்ச்மேனைப் போல! இவை ரத்தக்குழாயின் உட்சுவருக்குள் புகுந்து, கொழுப்பை விழுங்கி, அங்கேயே தங்கிப் படிவாகின்றன. படிவு வெடித்தால் ரத்தம் உறைந்து அடைப்பு. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாரடைப்பு அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்க இது ஒரு முக்கியக் காரணம்.

அதற்காக மாத்திரையை நிறுத்தலாமா? கூடவே கூடாது. 'ஸ்மார்ட்' என்ற ஆய்வில் 5,472 பேர் இருந்தார்கள். மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிட்டவர்களிடம் மரணமும் இதய நோயும் அதிகமாக இருந்ததால், 2006-ல் அந்த முறையையே பாதியில் கைவிட்டார்கள்.

நல்ல செய்தியும் உண்டு. 'ரிப்ரீவ்' ஆய்வில் இந்தியா உட்பட 12 நாடுகளில், 40 முதல் 75 வயதுக்குட்பட்ட 7,769 பேர் கலந்துகொண்டார்கள். தினமும் பிடாவாஸ்டாடின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 சதவீதம் குறைந்ததாக 2023-ல் முடிவு வெளியானது. ஆனால் எல்லா ஸ்டாடினும் எல்லாருக்கும் ஒத்துவராது. ரிடோனவிர் சாப்பிடுபவர் சிம்வாஸ்டாடின் சாப்பிடக் கூடாது. எனவே இதய டாக்டருக்கு ஏ.ஆர்.டி. பற்றித் தெரிந்தே ஆக வேண்டும்.

என் நண்பர் மாரடைப்பு வந்த அன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டேன். "சொன்னா எப்படிப் பார்ப்பாங்களோன்னு பயம்ப்பா" என்றார். பிழைத்துக்கொண்டார், அது கடவுள் புண்ணியம்.

அந்தப் பயத்தை உண்டாக்குவது நம்மைப் போன்றவர்கள்தான். ஒரு வாடகைக்காரரைப் பற்றி நம் வாட்ஸ்ஆப் குழுவில் போன மாதம் வந்த பேச்சை எல்லாரும் படித்தோம். நானும் படித்துவிட்டுச் சும்மா இருந்தேன். அது என் தப்பு. லிஃப்டில் சேர்ந்து போவதாலோ, கொசு கடிப்பதாலோ, ஒரே தம்ளரில் குடிப்பதாலோ எச்.ஐ.வி. பரவாது. இதைக் காரணம் காட்டி வீடு மறுப்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை செய்யப்பட்ட பாகுபாடு.

மனுஷன் நோயை மறைக்காமல் வாழ நாம் இடம் கொடுத்தால், அவன் இதயத்துக்கு நம்மால் ஆன மருந்து அது. நெஞ்சு வலித்தால் யாராக இருந்தாலும் வாயு என்று படுக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.